வீட்டுக்கு வந்த தாள்: கிள்ளான் பள்ளத்தாக்கில் பள்ளி நலவாழ்வு அறிவிப்பும் தமிழும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றைப் பற்றிப் பல நூல்கள் வந்துள்ளன. நிலம், கட்டடம், பாடநூல், ஆசிரியர் பயிற்சி, அரசாணை ஆகியவை அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. பள்ளி பெற்றோருக்கு எழுதியனுப்பிய ஒற்றைத் தாளுக்கு அங்கே இடமில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையை அனுப்ப வேண்டா என்றும், நாளை பள்ளி இல்லை என்றும், தடுப்பூசிக்கு ஒப்புதல் தருக என்றும் கேட்கும் அந்தத் தாள் படிக்கப்பட்ட மறுநாளே குப்பைக்குப் போவது. எனினும் எழுதப்படிக்கத் தெரிந்த தமிழ்ப் பெற்றோர் பலருக்குப் பள்ளிப்பருவத்துக்குப் பின் கையில் கிடைத்த தமிழ் உரைநடையில் கணிசமான பங்கு இத்தகைய தாள்களே. மொழி ஆராய்வோர் இதனைப் புறக்கணித்தற்குக் காரணம் எனக்கு விளங்கவில்லை.

ஒன்றை முதலிலேயே கூறிவிடுகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப் பிள்ளைகளுடைய உடல்நலத்தைப் பற்றிய செய்தி, நூறாண்டுக்கும் மேலாக, பெரும்பாலும் வேறொருவரை நோக்கி வேறொரு மொழியில் எழுதப்பட்டுப் பின்னரே பெற்றோரின் கைக்கு வந்தது. இடையே நின்று அதனைத் தமிழாக்கியவர் ஆசிரியர். அப்பணிக்கு அவருக்குப் பயிற்சி தரப்பட்டதில்லை. அது பணியென எண்ணப்பட்டதுமில்லை. ஆயினும் ஒரு குடும்பம் மறுநாட் காலையில் சரியானதைச் செய்ததா, தவறானதைச் செய்ததா என்பது பல வேளைகளில் அவர் தேர்ந்த வினைமுற்றைப் பொறுத்திருந்தது.

1901 செப்டம்பர் 15ஆம் நாள் கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது அதுவே. சதுப்புநிலக் காட்டை அழித்துக் கட்டிய துறைமுகம். திறந்த சில வாரங்களிலேயே பணியாளர்கள் மலேரியாவில் வீழ்ந்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தவர் மால்கம் வாட்சன். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் அக்கண்டுபிடிப்பை நம்பி ஊரைச் சுற்றியிருந்த காட்டை வெட்டுவித்தார். தேங்கிய நீரை வடிகால் வெட்டி வெளியேற்றுவித்தார். காய்ச்சல் விரைந்து தணிந்தது. மலேரியாத் தடுப்பின் உலக வரலாற்றில் கிள்ளானின் பெயர் இவ்வாறு இடம்பெற்றது. அவருடைய பெருநூல் 1911இல் வெளிவந்தது.

பின்னர் அவர் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குச் சென்றார். ஓரிடத்தில் மலேரியா எவ்வளவு உள்ளது என்று அறிய அவர் கையாண்ட வழி நம் பொருளுக்கு நெருக்கமானது. தோட்டத்துக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, இடப்புற விலாவின் கீழே விரலால் அழுத்தி, மண்ணீரல் வீங்கியுள்ளதா எனப் பார்ப்பது. நூற்றுக்கு எத்தனை குழந்தைகளுக்கு வீக்கம் என்பதே அத்தோட்டத்தின் அளவு. பெரியவர்கள் வேறோரிடத்திலிருந்து நோயைச் சுமந்து வந்திருக்கலாம். அங்கேயே பிறந்து வளர்ந்த குழந்தையின் உடலோ அந்த மண்ணின் நிலையை அப்படியே காட்டும். ஆகவே நம் பிள்ளைகளின் உடல்கள் ஒரு கருவியின் முள்போலப் பயன்பட்டன. முள் காட்டிய எண் தோட்டத் துரைக்கும் அரசுக்கும் அறிக்கையாகச் சென்றது, ஆங்கிலத்தில்.

தாய் தந்தையர்க்குச் செய்தி வந்த இடம் பெரட்டுக் களம். விடியுமுன் பெயர் கூப்பிடும் அம்முற்றத்திலேயே கொய்னாவும் கொடுக்கப்பட்டது. துரையிடமிருந்து கிராணிக்கு, கிராணியிடமிருந்து கங்காணிக்கு, கங்காணியிடமிருந்து தொழிலாளிக்கு என ஆணை இறங்கிவரும்போது காரணம் வழியிலேயே உதிர்ந்துவிடும். இறுதியில் எஞ்சுவது ‘குடி’ என்னும் ஒருமை ஏவல். கொய்னா மிகக் கசப்பானது. அது எதற்கு என்று அறியாதவர் அதனைத் துப்புவதில் வியப்பில்லை.

காரணம் சொல்லப்படாத ஆணைக்கு மற்றோர் இடரும் உண்டு; வாட்சனின் ஆய்விலேயே அதற்குச் சான்று உள்ளது. கடலோரச் சமவெளியில் காட்டுநிழலில் தேங்கிய நீரில் பெருகும் கொசு நோயைப் பரப்பியது. காட்டை அழித்தபோது நோயும் ஒழிந்தது. உள்நாட்டுக் குன்றுப் பகுதிகளில் நோயைப் பரப்பியது வேறொரு கொசு. வெயில்படும் தெளிந்த ஓடையே அதற்கு உகந்தது. அங்கே காட்டை வெட்டியது அக்கொசுவுக்குத் தொட்டில் கட்டித் தந்ததாயிற்று. ‘காட்டை வெட்டு’ என்ற ஒரே வாசகம் கிள்ளானில் உயிர் காத்தது. சில கல் தொலைவில் உயிர் குடித்தது. எந்த நிலத்துக்கு, எந்தக் கொசுவுக்கு என்ற குறிப்பின்றி அவ்வாசகத்தை எடுத்துச் சென்றவர் கேட்டையே எடுத்துச் சென்றார். இன்றைய பள்ளி அறிவிப்பை எழுதுவோர்க்கும் இது நினைவில் இருக்கத்தக்கது.

தோட்டத்தில் பள்ளி வந்தது எப்போது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. விதி வந்ததே ஒழிய ஆசிரியர் எங்கிருந்து வருவார்? எழுத்தறிந்த கங்காணி, கிராணி, சில தோட்டங்களில் மருந்தகத்து டிரெசர் என்று கிடைத்தவரே ஆசிரியரானார். கல்வி வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறைபாடாகவே எழுதுவர், குறைபாடுதான். ஆயினும் டிரெசரே பாடமும் சொன்ன இடத்தில் ஒரு வசதி இருந்திருக்கும். மருந்தைப் பற்றி அறிந்தவரும் குடும்பத்தின் பேச்சுவழக்கை அறிந்தவரும் ஒருவரே. இவ்விரு அறிவும் ஒரே தலைக்குள் இருந்த நிலை பின்னர் நமக்கு வாய்க்கவில்லை.

இதே காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் வேறோர் உலகம். இரயில்வே ஊழியர்க்கென 1905இல் எழுப்பப்பட்ட நூறு வீட்டு வரிசையும், 1904இல் தோன்றிய விவேகானந்தர் ஆசிரமமும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் கணக்கர்களும் நிறைந்த பகுதி அது. அங்கே தந்தைக்கு ஆங்கிலம் தெரியும். அரசின் அறிவிப்பை அவர் நேரே படிப்பார். கிள்ளான் தோட்டத்துத் தந்தைக்கோ அது மூன்று வாய்கள் கடந்து வரும். இரண்டு ஊர்களுக்கும் இடைத்தொலைவு இருபது கல் அளவே. தமிழ்ச் சமூகம் என்று ஒற்றைச் சொல்லால் நாம் குறிப்பதன் உள்ளே இத்தகைய பிளவு இருந்தது. இன்றும் பள்ளி அறிவிப்பு எழுதுவோர் எந்தத் தமிழ்க் குடும்பத்தை மனத்திற்கொண்டு எழுதுகின்றனர் என்பது கேட்கத்தக்க கேள்வியே. 1924 முதல் கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த ‘தமிழ் நேசன்’ போன்ற இதழ்கள் இப்பிளவை ஓரளவு இட்டு நிரப்பின. படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, லயத்து வாசலில் பலர் கூடியமர்ந்து கேட்பது அக்கால வழக்கம்.

எழுத்தே வேண்டாத அறிவிப்பு ஒன்றும் நம்மிடம் இருந்தது. வாசலில் செருகிய வேப்பிலைக் கொத்து. அதனைக் கண்ட எவரும் அவ்வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்று அறிவர். வெளியார் உள்ளே செல்லார். அவ்வீட்டார் பிற வீடுகளுக்குச் செல்லார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை பிள்ளை வீட்டிலேயே இருக்கும். கொப்புளங்கள் யாவும் காய்ந்து பொருக்காகும் வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாகாது என்று இன்றைய மருத்துவம் சின்னம்மைக்குச் சொல்லும் விதியும் நடைமுறையில் ஏறத்தாழ இதுவே. வேப்பிலை நோயைக் குணப்படுத்தியது என்று நான் கூற வரவில்லை. அது ஒரு குறி. அதன் பொருளை ஊரே அறிந்திருந்தது. கேட்ட மாத்திரத்தில் என்ன செய்வது என்ற ஐயம் எவர்க்கும் எழவில்லை. அச்சிட்ட அறிவிப்புகளுள் இவ்வளவு தெளிவானவை குறைவு. பள்ளிக்கு வராத பிள்ளைக்கு ‘அம்மை போட்டிருக்கிறது’ என்று பாட்டி சொல்லியனுப்பும்போது அது தட்டம்மையா, சின்னம்மையா, கை கால் வாய்ப்புண் நோயா என்று வினவி அறியும் பொறுப்பு ஆசிரியருக்கு உண்டு. நம் பேச்சுவழக்கில் ‘அம்மை’ பல நோய்களுக்குப் பொதுப்பெயர். மருத்துவருக்கோ அவை வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு கால அளவுகள்.

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530க்குச் சற்றுக் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போக, குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங், செந்தூல் என நகரோரக் குடியிருப்புகளுக்கும் அடுக்ககங்களுக்கும் பெயர்ந்தன. 1967 செப்டம்பர் முதல் மலாய்மொழி நாட்டின் ஒரே அலுவல்மொழியாயிற்று. அதன்பின் பள்ளிக்கு வரும் சுற்றறிக்கை மலாயில் வரும். பெற்றோருக்குச் செல்ல வேண்டியது தமிழில். சுகாதாரத் துறையின் தாதியர் பள்ளிக்கே வந்து ஊசி போடுவதும், பல்மருத்துவக் குழு வந்து பற்களைப் பார்ப்பதும் வழக்கமாயின. அவற்றுக்கெல்லாம் ஒப்புதல் படிவம் உண்டு. பிள்ளை அதனைப் புத்தகப்பையில் கொண்டுவந்து, ‘சூராட் கொடுத்தாங்க’ என்று தாயிடம் நீட்டும். சூராட் என்பது மலாய்ச் சொல்லே. வீட்டில் அதற்கு வேறு பெயர் இல்லை. மருத்துவச் சான்று ‘எம்.சி.’ ஆயிற்று; டெங்கு ‘டிங்கி’ ஆயிற்று. இச்சொற்களைக் களைந்தெறிய வேண்டும் என்போருடன் நான் உடன்படுவதில்லை. ‘மருத்துவ விடுப்புச் சான்றிதழ்’ என்று எழுதுங்கள், தடையில்லை, அருகிலேயே எம்.சி. என்றும் எழுதிவிடுங்கள். தாய் கிளினிக்கில் கேட்கப் போவது எம்.சி.யைத்தான்.

மலாயிலிருந்து தமிழாக்கப்பட்ட அறிவிப்புகளின் இலக்கணத்தைச் சற்றுப் பார்ப்போம். மலாய் அலுவல்மடல் ‘சுக்காச்சித்தா டிமாக்லும்கான்’ என்று தொடங்குவது மரபு. மகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுகிறது என்பது அதன் சொற்பொருள். மலாயில் அது பொருள் தேய்ந்த முகமன். மகிழ்ச்சி அதில் எஞ்சியிருப்பதில்லை. அதனை அப்படியே பெயர்த்து, ‘தங்கள் பிள்ளையின் வகுப்பில் தொற்றுநோய் கண்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று எழுதினால் தமிழில் மகிழ்ச்சி உயிருடன் எழுந்து நிற்கும். சிரிப்புக்கு இடமான இப்பிழையைவிடக் கேடு பயப்பது செயப்பாட்டு வினை. ‘மாணவர்கள் பள்ளிக்கு அனுப்பப்படாதிருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ யார் கேட்கிறார்? யார் அனுப்பாதிருக்க வேண்டும்? தமிழ் வினைமுற்று எழுவாயின் திணை, பால், எண், இடம் காட்டும் ஆற்றலுடையது. நம் மொழியின் அந்த வலிமையை இவ்வாக்கியம் முழுதும் கைவிட்டுவிடுகிறது. ‘காய்ச்சல் இருந்தால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்’ என்பதில் ஐயத்துக்கு இடமேது? மரியாதை குறைந்துவிடும் என்று ஆசிரியர் அஞ்சுவர். ‘-ஈர்கள்’ என்னும் விகுதியிலேயே மரியாதை உள்ளது.

இனிப் புகைமூட்டத்துக்கு வருவோம். 1997இல் அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகை இந்நாட்டை மூடியது. அதன்பின் சில ஆண்டுகள் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் எண்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்படாமல் இருந்தன. சுற்றுலாத் துறைக்குக் கேடு என்பது சொல்லப்பட்ட காரணம். 2005 ஆகஸ்டில் புகை மீண்டும் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சூழ்ந்தபோதே எண்கள் மறுபடியும் வெளியாயின. ஆகஸ்ட் 11ஆம் நாள் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்ட, அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் இழுப்புநோயுள்ள பிள்ளையின் தாய் சன்னலுக்கு வெளியே பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. எண் இல்லாத நிலையில் ஆசிரியர் எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் பயன் என்ன? இன்று நெறி தெளிவாக உள்ளது: குறியீடு 100ஐ எட்டினால் வெளிப்புற நடவடிக்கைகள் இல்லை, 200ஐ எட்டினால் பள்ளி மூடப்படும். பிள்ளைகளே காலையில் எண்ணைப் பார்த்துச் சொல்லுகின்றனர். நலவாழ்வுக் கொள்கை ஒன்று குடும்பத்தின் அன்றாடப் பேச்சாகிவிட்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். அதற்குக் காரணம் இரண்டே எண்கள்.

கோவிட் காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. ஜூலை 15இல் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களும், ஜூலை 22இல் முதல் நான்கு ஆண்டு மாணவர்களும் பள்ளிக்குத் திரும்பினர். அக்டோபர் 9 முதல் கிள்ளான் மாவட்டத்துக்கு மட்டும் நிபந்தனையுடன் கூடிய கட்டுப்பாடு. அடுத்த சில நாட்களில், 14ஆம் நாள் முதல், சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா முழுமைக்கும் அது விரிந்தது. நவம்பர் 9 முதல் நாட்டின் பள்ளிகள் அனைத்தும் மீண்டும் மூடப்பட்டன. 2021 மார்ச் 1இல் பாலர் வகுப்பும் முதலிரண்டு ஆண்டுகளும், 8ஆம் நாள் பிற ஆண்டுகளும் திரும்பின. பின்னர் மறுபடியும் மூடல். அக்டோபரிலிருந்து படிப்படியான, சுழற்சிமுறைத் திறப்பு. கிள்ளானில் இரு பிள்ளைகளை வெவ்வேறு ஆண்டுகளில் படிக்கவைத்த ஒரு தாய், ஓராண்டுக்குள் எத்தனை தேதிகளை, எத்தனை விதிகளை, எத்தனை விலக்குகளை மனத்தில் நிறுத்த வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அவை யாவும் கைப்பேசிக்கு வந்தன. பல வேளைகளில் இரவில் வந்தன. மலாய் அறிவிப்பு வெளியான சிறிது நேரத்திலேயே அதன் தமிழ்ச் சுருக்கத்தை வாட்ஸ்அப்பில் இடவேண்டிய வகுப்பாசிரியர், தம் பிள்ளைகளுக்கும் அதே வீட்டில் இரவு உணவு படைத்துக்கொண்டிருந்தவர்.

சொற்களின் நிலை என்ன? தமிழகத்தில் தொடக்கத்தில் ‘சமூக இடைவெளி’ என்ற தொடர் பரவியது. சாதியால் விலக்கி வைத்த வரலாறுடைய மண்ணில் அத்தொடரின் ஒலி பலரை உறுத்தியது. ‘தனிமனித இடைவெளி’ என்ற மாற்று அங்கே வந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சிலேயே சமூகம் என்ற அடையை விட்டு, உடல்சார்ந்த இடைவெளி என்று பேசத் தலைப்பட்டது. நம் நாட்டு ஊடகங்களோ ‘கூடல் இடைவெளி’ என்றன. கூடும்போது விடவேண்டிய இடைவெளி. எவரையும் விலக்காத சொல். இதனை ஆக்கியவர் எவராயினும் அவர்க்கு நாம் கடப்பாடுடையோம். வீட்டிலிருந்தபடி கற்பதற்கு ‘இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல்’ என்ற தொடரும் இங்கே நிலைத்தது. ‘கோறனி நச்சில்’ என்பது அவ்வாறு நிலைக்கவில்லை. ஏடுகளில் சிலகாலம் வந்தது. வீடுகளில் கொரோனாவே வழங்கியது. நோயின் பெயர் மருத்துவமனைப் பலகையிலும் கைப்பேசிச் செயலியிலும் தொலைக்காட்சியிலும் ஒன்றாக இருக்கையில், பள்ளித் தாளில் மட்டும் வேறாக இருப்பது படிப்பவரை ஒரு கணம் நிறுத்தும். அந்த ஒரு கணத்தை நாம் வீணே கேட்கலாகாது என்பது என் கருத்து. கலைச்சொல்லாக்கத்துக்கு வேறு களங்கள் உள்ளன.

சொல் இல்லாமையால் நேர்ந்த குழப்பமும் உண்டு. நோய் உறுதியானவரைப் பிரித்து வைத்தல் ஒன்று; நோயாளியுடன் பழகியதால் நோய் வரக்கூடும் என்று நலமாக உள்ளவரை நாட்கணக்கில் வீட்டில் இருத்தல் மற்றொன்று. மலாயில் முன்னது ‘பெங்காசிங்கான்’, பின்னது ‘குவாரந்தின்’. தமிழில் இரண்டுக்கும் ‘தனிமைப்படுத்துதல்’ என்றே எழுதினோம். ‘உங்கள் பிள்ளை தனிமைப்படுத்தப்பட வேண்டும்’ என்று படித்த பெற்றோர், பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது என்று கலங்கியதில் தவறில்லை. ‘நெருங்கிய தொடர்பு’ என்பதும் அத்தகையதே. தமிழில் அது உறவைக் குறிக்கும், ஒரே மேசையில் அமர்ந்ததைக் குறிக்காது. ‘ஒதுக்கி வைத்தல்’ என்னும் பழஞ்சொல் கைவசம் இருந்தது, அதில் தீட்டின் நிழல் படிந்திருந்தமையால் எவரும் தொடவில்லை, தொடாதது நன்றே. ஆயின் சொல்லுக்குப் பதில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கலாம். ‘உங்கள் பிள்ளைக்கு நோய் இல்லை, நோய் கண்ட மாணவருக்கு அருகில் அமர்ந்திருந்தமையால் இத்தனாம் தேதி வரை வீட்டில் இருக்கட்டும்.’ கலைச்சொல் ஒன்றுகூட இல்லாத இவ்வாக்கியம் முழுப்பணியையும் செய்துவிடுகிறது.

மலாய் எழுத்தாளர்க்கு ஒலிநயம் கைகொடுத்தது. தவிர்க்கவேண்டிய மூன்று சூழல்களை ‘செசாக், செம்பிட், செம்பாங் டெக்காட்’ என மூன்று சகரங்களில் அடக்கினர். ஆங்கிலத்திலும் மூன்று சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்கின. மூலம் ஜப்பானியர் வகுத்தது. தமிழில் நாம் பொருளை மட்டும் பெயர்த்து ஒலியை விட்டுவிட்டோம். மோனை நம் யாப்பின் உயிர்நாடிகளுள் ஒன்று. ‘நெரிசல், நெருக்கடி, நெருங்கிய பேச்சு’ என்று சொல்லியிருந்தால் முதலாண்டு மாணவன் ஒரே நாளில் பாட்டிக்குப் பாடம் சொல்லியிருப்பான்.

யாவற்றினும் நுட்பமானது வினைமுற்றில் அடங்கிய கட்டாயத்தின் அளவு. ‘அனுப்பக் கூடாது’ என்பது தடை. ‘அனுப்ப வேண்டா’ என்பது அறிவுரையும் ஆகலாம், தடையும் ஆகலாம். ‘அனுப்பத் தேவையில்லை’ என்பது விருப்பத்துக்கு விடுவது. 2021 அக்டோபரில் பள்ளிகள் திறந்தபோது, அச்சத்தால் பிள்ளையை அனுப்ப விரும்பாத பெற்றோர் பள்ளிக்கு எழுத்துவழி அறிவித்தால் போதும், நடவடிக்கை எடுக்கப்படாது என்று கல்வியமைச்சு கூறியது. இது பெற்றோருக்குத் தரப்பட்ட உரிமை. அதனுடன் ஒரு கடமையும் இணைந்திருந்தது. தமிழில் அதனை ‘விரும்பாதவர்கள் அனுப்ப வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் கடிதம் தரவேண்டிய கடமை மறைந்துபோகும். ‘அனுப்பாதவர்கள் கடிதம் தரவேண்டும்’ என்று மட்டும் எழுதினால் குற்றஞ்செய்தவரிடம் விளக்கம் கேட்பதுபோல் ஆகும். ‘உங்கள் பிள்ளையை இப்போது அனுப்ப விருப்பமில்லையெனில் அனுப்பாமலிருக்கலாம், அதற்காக நடவடிக்கை இராது. வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி அறிவித்துவிடுங்கள்’ என மூன்றையும் முறைப்படி வைக்கவேண்டியிருந்தது. இதற்கு இலக்கண அறிவு வேண்டும். தொல்காப்பியம் வினையியலில் நாம் கற்றவை தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவன அல்ல என்று மாணவர்க்குக் காட்ட இதனினும் நல்ல பாடப்பகுதி எது?

2022 பிப்ரவரி 3ஆம் நாள் ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. பெரியவர்களிடையே பெருவிரைவில் நடந்த பணி இங்கே தயங்கியது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியிலும் முதல் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் ஏறத்தாழப் பாதிப் பேரே. எல்லா இனத்துப் பெற்றோரையும் சேர்த்த கணக்கு இது; மொழியே காரணம் என்று கூறுவது பொருந்தாது. பிள்ளையின் உடலில் புதிய மருந்து ஏறுவதைப் பற்றிய அச்சம் எந்த மொழியிலும் அச்சமே. ஆயினும் அவ்வச்சத்துக்கு எழுத்தில் விடை தரும் வாய்ப்பு பள்ளிக்கு இருந்தது. இரு ஊசிகளுக்கும் இடையே எட்டு வாரம் ஏன்? ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? எவரை அழைப்பது? தாய் இரவில் கேட்கும் கேள்விகள் இவை. நான் பார்த்த தமிழ் அறிவிப்புகளில் தேதி, நேரம், இடம், கொண்டுவர வேண்டிய ஆவணம் ஆகியவை பிழையின்றி இருந்தன. கேள்விகளுக்கு விடை இருந்தவை மிகச் சில. மலாய் மூலத்தில் இல்லாததை ஆசிரியர் தாமாகச் சேர்ப்பதற்கில்லை. அதிகாரம் அவரிடம் இல்லை. வினா-விடை ஏடு ஒன்றைச் சுகாதாரத் துறையே தமிழில் எழுதித் தரவேண்டும். அதனை மொழியறிந்தார் ஒருவரும் தாதி ஒருவரும் பேரக்குழந்தையை வளர்க்கும் பாட்டி ஒருவரும் படித்துப் பார்த்த பின்னரே அச்சுக்கு அனுப்ப வேண்டும். பாட்டியை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. தாயும் தந்தையும் ஆலைப் பணிக்கும் அலுவலகத்துக்கும் சென்றபின் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் அவரே. மலாய்ப் படிவங்களில் ‘இபு பாப்பா’வுக்குப் பக்கத்தில் ‘பெஞ்சாகா’ என்ற சொல் தவறாமல் வரும். பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் என்பது அதன் பொருள். தமிழில் ‘பெற்றோர்களே’ என்று விளித்துப் பாட்டியை நாம் விட்டுவிடுகிறோம்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உண்டு. அதன் ஆண்டறிக்கையில் விளையாட்டு விழாவும் கட்டட நிதியும் இடம்பெறுகின்றன. அவ்வாண்டில் பள்ளி அனுப்பிய நலவாழ்வு அறிவிப்புகளையும் பின்னிணைப்பாகச் சேர்த்து வைக்கலாம். செலவு நான்கைந்து பக்கங்களே. கிள்ளான் வட்டாரத்தில் குழந்தைகளின் மண்ணீரலை எண்ணியவரின் குறிப்புகளை இன்றும் நூலகத்தில் படிக்க முடிகிறது. 2020 அக்டோபர் 9ஆம் நாள் கிள்ளானின் ஒரு தமிழ்ப்பள்ளி தன் பெற்றோருக்கு எவ்வாக்கியத்தை எழுதியது என்று அறிய, அன்று பயன்பட்ட கைப்பேசி இன்னும் எவரிடமாவது இருக்கிறதா என்று தேட வேண்டியுள்ளது. தேடத் தொடங்கும் மாணவர் எவரேனும் இருப்பின், முதலில் பாட்டிமாரிடம் கேட்கட்டும். அவர்கள் பல செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.